கோமளவல்லியின் தனி டம்ளர்

கிட்ட வாங்க, கண்ணுங்களா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இது கத்திச் சொல்கிற கதை இல்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரின் கதை. ஒரு வீட்டுக்குள் சந்தேகம் எந்த வழியாக நுழைந்தது, எந்த மூலையில் உட்கார்ந்தது, எப்படி எழுந்து போனது என்று சொல்லப் போகிறேன். மனசு இளகினவர்கள் யாராவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அம்மா, இதில் யாரும் சாகவில்லை. தைரியமாகக் கேளுங்க.

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகிற ரோட்டில், மலைக்கோயில் மைக் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் ஒரு வீடு. மூன்று பேர். கோமளவல்லி, அவள் மகன் டில்லிபாபு, மருமகள் யுவஸ்ரீ. டில்லிபாபுவுக்கு பஜாரில் உரக்கடை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஆறு ஏக்கரும் அவர்களுடையது, பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து. யுவஸ்ரீ கனகம்மாசத்திரத்துப் பக்கத்துப் பெண். அவள் அம்மா பாஞ்சாலி இது மாதிரி ஆறு ஏக்கர், பத்து ஏக்கர்களில் நாற்று நட்டே மகளைப் படிக்க வைத்தவள். புரிகிறது இல்லையா? வரப்புக்கு மேலே நின்ற குடும்பமும் வரப்புக்குக் கீழே குனிந்த குடும்பமும் சேர்ந்த கல்யாணம். பிள்ளையும் பெண்ணும் தாங்களாகவே பார்த்து முடித்துக்கொண்டது. ஊர் ஆறு மாசம் வேறெதையும் மெல்லவில்லை.

யுவஸ்ரீ படித்தது மருத்துவ இயற்பியல். அது டாக்டர் வேலையும் இல்லை, நர்ஸ் வேலையும் இல்லை. கேன்சர் ஆஸ்பத்திரியில் கதிர் வைத்து வைத்தியம் பண்ணுகிறார்களே, அந்தக் கதிர் எவ்வளவு போகணும், எங்கே போகணும், எங்கே ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது என்று அளந்து சொல்கிற ஆள். படிப்பு முடிந்ததும் ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. விடிந்ததும் ரயில் பிடித்து சென்னை, சாயங்காலம் அதே ரயிலில் வீடு.

இப்போது டம்ளருக்கு வருகிறேன். கல்யாணமான முதல் வாரமே அடுப்படி ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்ந்திருந்தது. மற்ற டம்ளர் எல்லாம் கூடையில். இது மட்டும் ஜன்னலில். யுவஸ்ரீக்குக் காபி அதில்தான் வரும். யாரும் ஏன் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே! டில்லிபாபு பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தான். அந்த வித்தை ஆம்பிளைகளுக்குத் தாய்ப்பாலோடு வருவது. அரை வருஷம் போனது. ஒரு நாள் ஜன்னலில் டம்ளர் இல்லை, கூடையில் கலந்து கிடந்தது. அதைப் பற்றியும் ஒருத்தரும் பேசவில்லை.

பிறகு யுவஸ்ரீ முழுகாமல் இருந்தாள். ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றைக்கே அவளைக் கதிர் அதிகம் புழங்கும் பக்கம் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னால் அவளுக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. தைராய்டுக்காகக் கதிர் மாத்திரை விழுங்கினவர்களிடம், வீட்டுக்குப் போய் எப்படி நடந்துகொள்ளணும் என்று ஒரு தாளைப் படித்துச் சொல்லி அனுப்புகிற வேலை. அதுவும் நின்றது. இதெல்லாம் அத்தைக்கு எங்கே தெரியும்? மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரியிடம், இந்தப் பக்கம் துணி உலர்த்துகிற மருமகளுக்குக் கேட்கும்படி கோமளவல்லி சொன்னாள்:

"கதிர் புடிச்ச எடத்துக்குப் போயிட்டுப் போயிட்டு வர்றா. துணியில, தலமயிர்ல ஒட்டிகினு வந்துதுன்னா? வயித்துல இருக்கிற பச்ச மண்ணு தாங்குமா?"

"அதெல்லாம் ஒட்டிகினு வராதுங்க அத்தே."

"ஆங், நீ படிச்சவ. நானு மாடு மேய்ச்சவ."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் யுவஸ்ரீ அன்றைக்கு ராத்திரி குளித்துவிட்டுத் தலையை இரண்டாவது தடவை அலசினாள். படித்த பெண்தான். இருந்தாலும் அந்த வார்த்தை உள்ளே போய்விட்டது.

ஏழாம் மாசம். ஆனி முடிய ஒரு வாரம் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் வளைகாப்பு வைக்க முடியாது என்று அந்த வெள்ளிக்கிழமைக்கே நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின வாரம், வியாழக்கிழமை, கோமளவல்லி தன் அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு காளாஸ்திரிக்கு வேண்டுதல் என்று போனாள். பொழுது சாய்ந்து கையில் ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தவள் வேறே ஆளாக வந்தாள்.

மறுநாள் காலையில் ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் கவிழ்ந்திருந்தது.

யுவஸ்ரீ அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கூடையிலிருந்து தானே ஒரு டம்ளரை எடுத்துக் காபியை ஊற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டாள். இந்தத் தடவை அந்த டம்ளரைத் தொடுவதில்லை என்று வைராக்கியம்.

டம்ளரோடு நின்றதா? மருமகள் அடுப்படிக்குள் வந்தால் மாமியார் கொல்லைப்புறம் போனாள். இவள் கூடத்தில் உட்கார்ந்தால் அவள் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டு தனி, சாப்பாடு மாட்டுக்கொட்டகைப் பக்கம். துணியைத் தனியாகத் துவைத்துத் தனிக் கொடியில் போட்டாள். கக்கூஸ் போய் வந்தால் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. வயிற்றைத் தடவிப் பார்க்காத நாள் இல்லை முன்பெல்லாம்; இப்போது வாசற்படி தாண்டி வருவதில்லை.

"காளாஸ்திரியில எவனோ சாமியார் எதையோ ஓதி அனுப்பியிருக்கான்," என்று யுவஸ்ரீ போனில் அம்மாவிடம் சொன்னாள். "நம்ம தீட்டு இப்பதான் அவங்களுக்கு ஞாபகம் வந்துகினு இருக்குது."

பாஞ்சாலி கேட்டாள்: "டம்ளரு மறுபடி ஜன்னலுக்கு வந்துடுச்சா?"

"ஆங்."

"வெள்ளிக்கெழமை வளையல் அடுக்கினதும் என்கூட வந்துடு. பெத்துகினு அங்கயே இரு. திரும்பிப் போறத அப்பறம் பேசிக்கலாம்."

பிரசவத்துக்கு அம்மா வீடு போகிறது வழக்கம்தான். ஆனால் யுவஸ்ரீ பெட்டியில் மார்கழிக்குப் போடுகிற ஸ்வெட்டரையும் எடுத்து வைத்தாள். சான்றிதழ் ஃபைலையும் வைத்தாள். பிள்ளை பெறப் போகிறவளுக்கு சான்றிதழ் எதற்கு? அதை டில்லிபாபு கவனிக்கவில்லை. நாம் கவனிப்போம்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் வேறொரு பயிற்சி. எங்காவது கதிர் வெளியே சிந்திவிட்டால், கதிர்ப் பொருள் தொலைந்துபோய் ஜனங்கள் கைக்கு வந்துவிட்டால், மருத்துவ இயற்பியலாளர் என்ன பண்ணணும் என்று. தினமும் கதிரை அளக்கிறவர்கள் அவர்கள்தானே, ஆபத்து என்றால் டாக்டருக்கும் போலீசுக்கும் தீயணைப்பு ஆளுக்கும் வழி சொல்ல அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். பயிற்சி நடத்தினவர் பிரேமா மேடம். கண்டிப்பானவர், சிரித்தால் மழை வரும் என்பார்கள்.

"கதிர் அளக்கற மீட்டர் ஒரு ஆளைப் பாத்து சத்தம் போட்டா, அந்த ஆள் குத்தவாளி இல்ல," என்றார் மேடம். "பயந்து போன மனுஷன், அவ்வளவுதான். போலீஸ்காரன் மாதிரி கேட்டீங்கன்னா பொய்தான் வரும். பேஷண்ட்டைக் கேக்கற மாதிரி கேளுங்க. பேரு, வயசுல ஆரம்பிங்க."

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் லட்சக்கணக்கில் காவடிக் கூட்டம் வருமே, அதற்கு முன்னால் அங்கேயே ஒரு ஒத்திகை வைத்தார்கள், வியாழக்கிழமை காலையில். யுவஸ்ரீ அந்த ஊர்க்காரி என்பதால் புதன்கிழமை சாயங்காலம் ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு சர்வே மீட்டரை அவளிடம் கொடுத்து அனுப்பினார்கள். கதிர் இருக்கிற இடத்தில் டிக் டிக் என்று அடிக்கிற கருவி. மண்ணிலும் ஆகாசத்திலும் எப்போதும் கொஞ்சம் கதிர் இருக்கும், அதனால் எங்கே வைத்தாலும் அது சும்மா இருக்காது. நிதானமாக அடித்துக்கொண்டிருக்கும், அசை போடுகிற மாடு மாதிரி.

வீட்டுக்கு வந்தாள். வெயில் இன்னும் மலை மேலே இருந்தது. பேட்டரி சரியா என்று பார்க்க மீட்டரைப் போட்டாள்.

அது அசை போடவில்லை. ஓடியது.

அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அப்படித்தான். கண்ணுங்களா, அவளுக்கு முதலில் யார் மேல் சந்தேகம் வந்தது தெரியுமா? தன் மேலேதான். துணியில, தலமயிர்ல ஒட்டிகினு வந்துதுன்னா? அத்தை சொன்னது பலித்துவிட்டதா? நான்தான் என் பிள்ளைக்கு எமனைச் சுமந்துகொண்டு வந்தேனா?

மேடத்துக்குப் போன் போட்டாள். ஒரே மூச்சில் கொட்டினாள். மேடம் சத்தமே உயர்த்தவில்லை.

"மொதல்ல வீட்டை விட்டு வாசலுக்கு வா. வந்துட்டியா? இப்ப உன்னைப் பாரு. கை. செருப்பு. பை. தலை. ஒவ்வொண்ணா, நிதானமா."

பார்த்தாள். எல்லாம் சாதாரணம்.

"நீ இல்ல. புரியுதா யுவஸ்ரீ? நீ கொண்டுவரல. அப்ப வேற ஏதோ. மீட்டரை முன்னால நீட்டிப் புடிச்சு மெதுவா நட. எண்ணிக்கை ஏறுற பக்கம் தெரிஞ்சதும் நின்னுடு. நீ ஏழு மாசம், ஹீரோயின் வேலை வேணாம்."

அப்போதுதான் டில்லிபாபு வண்டியை நிறுத்தினான். யுவஸ்ரீயின் கண் வாசல் மதில் ஓரத்துக்குப் போனது. போன வாரம் அவன் எங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட பழைய இரும்பு. தொலைந்துபோன கதிர்ப் பொருள் பழைய இரும்போடு கலந்து வந்த கதைகளைப் பயிற்சியில் நேற்றுத்தான் கேட்டிருந்தாள்.

"இத எங்கேந்து கொண்டாந்த?"

"இன்னாது?"

"இந்த இரும்பு! யாருகிட்ட வாங்கின? பொய் சொல்லாத!"

"ஏய், எங்க தாத்தா கெணத்து மோட்டாருடி அது. பின்னால கெடந்தத முன்னால இழுத்துப் போட்டேன். இன்னாமோ சந்தனக்கட்ட கடத்தினவனப் புடிச்ச மாதிரி கேக்கற?"

மீட்டரை நீட்டினாள். மோட்டார் பக்கம் நிதானமாகத்தான் அடித்தது. டில்லிபாபு எட்டிப் பார்த்து, "பாஸ் ஆயிடுச்சா? மாலை போடவா?" என்றான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை முழுங்கிக்கொண்டான்.

"வீட்டுக்குள்ள இருக்குது," என்றாள் யுவஸ்ரீ. "வாசல்லயே நில்லு. உள்ள வராத."

கூடத்தில் நுழைந்தாள். எண்ணிக்கை ஏறியது. அடுப்படிப் பக்கம் திரும்பியதும் இன்னும் ஏறியது. பின்னறை அடுப்படிக்கு அடுத்தது. ஒரு வாரமாகச் சாத்தியே இருக்கிற அறை. காளாஸ்திரியிலிருந்து கொண்டுவந்த துணிப்பை அதற்குள்தான் போனது. என்ன இருக்கிறது அதில்? தகடா? யாராவது எதையாவது மந்திரித்து... சே, தகட்டுக்கு மீட்டர் அடிக்குமா? பிறகு எதற்கு அடிக்கும்?

நின்ற இடத்திலேயே நின்றாள். அத்தை பின்னறையிலிருந்து கொல்லைப்புறக் கதவைத் திறக்கிற சத்தம். மாட்டுக்கொட்டகைப் பக்கம் காலடி. யுவஸ்ரீ அசையவில்லை. மீட்டரும் அசையவில்லை. ஆனால் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

கொஞ்ச நேரத்தில் காலடி திரும்பியது. சத்தம் ஏறியது.

இரும்பு நடக்காது, கண்ணுங்களா. தகடும் நடக்காது.

யுவஸ்ரீ கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள். முருங்கை மரத்தடியில் கோமளவல்லி நின்றுகொண்டிருந்தாள்.

"அத்தே! இன்னா ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"நில்லு!" கோமளவல்லி இரண்டு கையையும் நீட்டிக் கத்தினாள். "கிட்ட வராத! அங்கயே நில்லு!"

கிட்ட வராத. அந்த வார்த்தையை யுவஸ்ரீயின் அம்மா கேட்டிருக்கிறாள், பாட்டி கேட்டிருக்கிறாள். அது காதில் விழுந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் கால் திரும்பியது. பிரேமா மேடத்தின் குரல் பிடித்து நிறுத்தியது. பயந்து போன மனுஷன், அவ்வளவுதான். அப்போதுதான் அத்தையின் முகத்தை ஒழுங்காகப் பார்த்தாள். ஒரு வாரமாகப் பார்க்கவே இல்லையே! கன்னம் ஒட்டியிருந்தது. நீட்டிய கை நடுங்கிக்கொண்டிருந்தது.

யுவஸ்ரீ நாலு அடி பின்னால் போனாள். ஆஸ்பத்திரியில் கேட்கிற குரலில் கேட்டாள்.

"உங்க பேர் சொல்லுங்கம்மா."

"இன்னாது?"

"பேரு."

"பைத்தியம் கியித்தியம் புடிச்சிச்சா? எம்பேரு உனக்குத் தெரியாதா?"

"சொல்லுங்கம்மா."

கோமளவல்லி மகனைத் தேடினாள். அவன் வாசலில். வேறு யாரும் இல்லை. "கோமளவல்லி," என்றாள் மெதுவாக.

"வயசு?"

"அம்பத்தாறு இருக்கும்."

"சமீபத்துல ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? ஏதாவது மாத்திரை முழுங்கினீங்களா?"

கோமளவல்லி கொட்டகைக்குள் போய்த் தவிட்டு டிரம்மைத் திறந்தாள். மடித்த ஒரு தாளை எடுத்து, ஒரு கல்லைச் சுற்றி, தூரத்திலிருந்தே தரையில் உருட்டிவிட்டாள்.

யுவஸ்ரீ குனிந்து எடுக்கவில்லை. தேவையில்லை. தூரத்திலிருந்தே தெரிந்தது, எத்தனையோ பேருக்கு அவள் படித்துக் காட்டிய தாளின் அண்ணன் தம்பி அது. பார்க்காமலே சொன்னாள்: "தட்டு டம்ளர் தனி. துணி தனி. படுக்கை தனி. கக்கூஸ்ல ரெண்டு தடவை தண்ணி. புள்ளத்தாச்சி பக்கம் போகக் கூடாது."

சொல்லச் சொல்ல அவளுக்கே உறைத்தது. ஒரு வாரமாக இதைத்தானே கண்ணால் பார்த்தாள்? ஆஸ்பத்திரியில் இதற்குப் பெயர் ஜாக்கிரதை. இந்த வீட்டில் அவளுக்கு அது வேறு மாதிரித்தானே படித்துக்காட்டப்பட்டிருந்தது?

"நெஞ்சு படபடன்னு அடிச்சிகினே இருந்துது," என்றாள் கோமளவல்லி. "கையி நடுக்கம். தைராய்டு ஜாஸ்தி, மாத்திரைய தள்ளிப் போடாதன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வூட்ல புள்ளத்தாச்சி இருக்குதான்னு கேட்டாங்க. இருக்குது, நானு தள்ளி இருந்துக்கறேன்னேன்."

"காளாஸ்திரின்னு ஏன் சொன்னீங்க? எங்கிட்ட சொல்லக் கூடாதா? எனக்கு இதுதானே வேலை?"

"எந்த மூஞ்ச வச்சிகினு சொல்லுவேன்? கதிர் ஒட்டிகினு வருதுன்னு உன்னை ஊரெல்லாம் பேசினேன். கடசியில அதையே நானு முழுங்கிட்டு வந்து நிக்கறேன். சொன்னா உங்கம்மா அன்னிக்கே உன்னைக் கூட்டிகினு போயிடுவா. வளைகாப்பு நின்னுடும். அடுத்த மாசம் ஆடி."

யுவஸ்ரீ கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றது. "அந்த ஜன்னல் டம்ளரு?"

"இது எனக்கு."

"இது இல்ல. மொதல்ல வச்சது."

கோமளவல்லி தலையைக் குனியவில்லை. "அது நீ நெனச்சதுக்குத்தான். பொய் சொல்ல மாட்டேன். வெக்கமா இருந்துது, எடுத்துட்டேன். எடுத்தேன்னு சொல்றதுக்கும் வெக்கமா இருந்துது." ஜன்னல் பக்கம் கை காட்டி, "இப்ப ஒரு வாரமா அதுல நானு குடிக்கறேன். தள்ளி வச்சா எப்படி இருக்கும்னு தெரியுது," என்றாள்.

போன் இணைப்பிலேயே இருந்தது, கண்ணுங்களா. மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எத்தனை நாள், எவ்வளவு தூரம், எத்தனை சுவர் என்று கணக்குப் போட்டார். பிறகு சொன்னார்: "குழந்தைக்குக் கவலைப்படற அளவு எதுவுமே வரல. உங்க அத்தை கரெக்டா தள்ளி இருந்திருக்காங்க. தாள்ல போட்ட நாள் முடியற வரைக்கும் அப்படியே இருக்கச் சொல்லு." அதோடு ஒன்று சேர்த்துக்கொண்டார்: "எங்க பயிற்சிக்கு வந்தா முதல் மார்க் அவங்களுக்குத்தான்."

மேடம் சிரித்தார். திருத்தணியில் அன்றைக்கு மழை மட்டும் வரவில்லை.

டில்லிபாபுவை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். "ஏம்மா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?" என்றான். "உங்கிட்டயா? நீ பஜார்ல போர்டு எழுதி மாட்டுவே," என்றாள் கோமளவல்லி.

அன்று பொழுது போவதற்குள் யுவஸ்ரீ ஒரு காரியம் பண்ணினாள். வளைகாப்பு அன்றைக்கு மணை போடப் போகிற இடத்தில் டில்லிபாபு மீட்டரோடு நின்றான். கோமளவல்லி கூடத்தின் பின்வாசலில் நின்றாள். வாசலிலிருந்து யுவஸ்ரீ சொல்லச் சொல்ல, அத்தை ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனாள். மீட்டர் மறுபடி மாடு மாதிரி அசை போட ஆரம்பித்த இடத்தில், கோலமாவால் ஒரு கோடு போடச் சொன்னாள். மறுநாள் ஒத்திகையிலும் அதே வேலைதான். அங்கே கோடு கயிற்றில்.

வெள்ளிக்கிழமை வந்தது. வீடு நிறையப் பெண்கள். மலையடிவாரக் கடையில் வாங்கின பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். முதல் வளையல் மாமியார் போடணும். எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். கோமளவல்லி கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கையில் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி. அதன் நுனியில் இரண்டு வளையல்.

பாஞ்சாலிக்கு மகள் முந்தின நாளே சொல்லிவிட்டாள். இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? "இன்னா சம்பந்தி, என் பொண்ணு என்ன முருங்கக்காயா?"

"ஒங்க பொண்ணு போட்ட கோட்டத் தாண்டினா அவளே என்னை ஒதைப்பா," என்றாள் கோமளவல்லி. பிறகு ஊரைப் பார்த்துச் சொன்னாள்: "நானு வைத்தியத்துக்குக் கதிர் மாத்திரை முழுங்கியிருக்கேன். அதான் தள்ளி நிக்கறேன். யாரும் வேற மாதிரி பேசிடாதீங்க."

அவ்வளவுதான், புடவைகள் எல்லாம் சரசரவென்று பின்வாங்கின. ஒருத்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். யுவஸ்ரீ மணையில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினாள். "நான் அளந்துதான் கோடு போட்டிருக்கேன். இந்தப் பக்கம் யாருக்கும் ஒண்ணும் இல்ல. எனக்கே ஒண்ணும் இல்லன்னா உங்களுக்கு என்ன? உட்காருங்க." அந்தக் குரலில் ஏதோ இருந்தது. ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள்.

தொரட்டி ஆடிக்கொண்டே நீண்டது. டில்லிபாபு வளையலை எடுத்துத் தண்ணீரில் கழுவித் துடைத்து அம்மா பேரைச் சொல்லி மனைவி கையில் போட்டான்.

யுவஸ்ரீ அன்றைக்கு அம்மாவோடு போனாள், வழக்கப்படி. பெட்டியில் ஸ்வெட்டர் இல்லை. சான்றிதழ் ஃபைல் பீரோவிலேயே இருந்தது. தாளில் போட்ட நாள் முடிந்ததும் கோமளவல்லி முதல் பஸ்ஸில் கனகம்மாசத்திரம் போய் இறங்கினாள். பாஞ்சாலி கொடுத்த காபியை, அங்கே கையில் கிடைத்த ஒரு டம்ளரில் குடித்துவிட்டு, மருமகள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னல் டம்ளர் எங்கே என்கிறீர்களா? கூடையில்தான். எது என்று இப்போது யாருக்கும் தெரியாது.

உங்கள் வீட்டுக் கூடையிலும் டம்ளர்கள் அப்படியே கலந்து கிடக்கட்டும், கண்ணுங்களா. வருகிறவர் போகிறவர் எல்லாம் கைக்குக் கிடைத்ததை எடுத்துக் குடிக்கட்டும். உங்கள் வீட்டில் யாராவது தள்ளி நின்றால், அது உங்கள் மேல் வைத்த பிரியத்தால் மட்டுமே இருக்கட்டும். அந்த நாளும் சீக்கிரம் முடியட்டும். பிள்ளை குட்டியோடு நல்லா இருங்க.